முதல் கேமிங் கணினி: குறைந்த பட்ஜெட்டில் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும் பல வீடுகளில் எழும் கோரிக்கை இது: "கேம் விளையாடுற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேணும் வாப்பா." விசாரித்துப் பார்த்தால் கேமிங் லேப்டாப்பின் விலை மலைக்க வைக்கிறது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்தால் அதே பணத்தில் கூடுதல் திறன் கிடைக்கும் என்கிறான் பிள்ளை. அவன் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் எதை, ஏன் வாங்குகிறோம் என்று தெரியாமல் கடைக்குப் போனால், பல மாதச் சேமிப்பு ஒரே மாலையில் வீணாகிவிடும்.

பிள்ளை யூடியூபைப் பார்க்கிறான். கடைக்காரர் தன்னிடம் தேங்கியிருக்கும் சரக்கைப் பார்க்கிறார். பணம் கொடுக்கும் பெற்றோருக்கோ இருவர் பேசுவதும் புரிவதில்லை. கடைக்குப் போகும் முன் குடும்பத்தினர் சேர்ந்து உட்கார்ந்து படிப்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

இதில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. பின்னால் மாற்றக் கடினமானவற்றை முதலிலேயே சரியாக வாங்க வேண்டும். எளிதில் சேர்க்கக்கூடியவற்றைக் கையில் பணம் வரும்போது சேர்த்துக்கொள்ளலாம். மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினட் ஆகியவை முதல் வகை. கிராபிக்ஸ் கார்டு, கூடுதல் ராம், கூடுதல் ஸ்டோரேஜ் ஆகியவை இரண்டாம் வகை.

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: எந்த விளையாட்டுகள்? வாலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, மைன்கிராஃப்ட் போன்றவற்றுக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. சைபர்பங்க் 2077 போன்றவற்றுக்குத் தேவை. ஆகவே, பிள்ளை விளையாட விரும்பும் 5 விளையாட்டுகளின் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேவையான குறைந்தபட்சக் கணினி, பரிந்துரைக்கப்படும் கணினி என்ற இரண்டு பட்டியல்களும் அந்த விளையாட்டின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலேயே இருக்கும். வயதுக் குறியீட்டையும் அப்போதே பார்த்துவிடலாம். ஐரோப்பாவின் 'பெகி' முறையில் இ.ஏ. எஃப்.சி. கால்பந்து விளையாட்டுக்கு 3 வயது, ஜி.டி.ஏ. 5, சைபர்பங்க் 2077 இரண்டுக்கும் 18 வயது. வீட்டுக்கு ஒத்துவராத விளையாட்டுக்காக விலை உயர்ந்த கார்டு வாங்குவதில் பொருளில்லை.

இரண்டாம் கேள்வி: எந்தத் திரை? முதல் கணினிக்கு 24 அங்குலம், 1920 x 1080 புள்ளிகள் கொண்ட மானிட்டர் போதும். அதைவிட உயர்ந்த திரை வாங்கினால் அதற்கு ஈடுகொடுக்கும் கார்டுக்குச் செலவு பெருகும். வீட்டில் ஏற்கெனவே எச்.டி.எம்.ஐ. வசதியுள்ள டி.வி. இருந்தால் அதிலேயே தொடங்கலாம். டி.வி.யில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மவுஸ் அசைவு சற்றுத் தாமதமாகத் தெரியும்.

மூன்றாம் கேள்வி: மொத்தம் எவ்வளவு? இங்குதான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. 'கணினிக்கு இவ்வளவு' என்று ஒதுக்கிய பிறகு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்போன், யு.பி.எஸ்., விண்டோஸ் உரிமம், அசெம்பிள் கூலி என்று பட்டியல் நீளும். இவற்றுக்கான தொகையை முதலில் கழித்துவிட்டு, மீதியைத்தான் கேபினட்டுக்குள் இருக்கும் பாகங்களுக்குப் பிரிக்க வேண்டும்.

பணத்தை எப்படிப் பங்கிடுவது?

பாகங்களின் விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், ரூபாயில் சொல்லாமல் விகிதத்தில் சொல்கிறோம். கேபினட்டுக்குள் போகும் பாகங்களுக்கான தொகை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்:

கிராபிக்ஸ் கார்டு: 35 முதல் 40
பிராசசர்: 15 முதல் 18
மதர்போர்டு: 12 முதல் 14
ராம், எஸ்.எஸ்.டி. இரண்டும் சேர்த்து: 18 முதல் 22
எஸ்.எம்.பி.எஸ்.: 7 முதல் 9
கேபினட்: 5 முதல் 6

பிராசசருக்கு 35, கிராபிக்ஸ் கார்டுக்கு 15 என்று தலைகீழாக ஒதுக்கும் பட்டியலைக் கடையில் கொடுத்தால், அது அலுவலகக் கணினிக்கான பட்டியல் என்று புரிந்துகொள்ளுங்கள். 'ஐ7 போட்டுத் தர்றோம்' என்ற சொல்லில் மயங்கிவிட வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு

விளையாட்டில் தெரியும் காட்சியை நொடிக்குப் பல முறை வரைந்து தருவது இதுதான். ஏ.எம்.டி.யின் ரேடியான், என்விடியாவின் ஜிஃபோர்ஸ், இன்டெலின் ஆர்க் என்று மூன்று குடும்பங்கள் உள்ளன. புதிய கார்டு வாங்குவதானால் 8 ஜி.பி. மெமரிக்குக் குறையாமல் வாங்குவது நல்லது. இன்றைய பெரிய விளையாட்டுகளில் 4 ஜி.பி. கார்டுகள் திணறுகின்றன.

2021-இல் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 குறைந்த பட்ஜெட்டில் பலரும் நாடிய கார்டு. 8 ஜி.பி. மெமரி கொண்டது, 132 வாட் மின்சாரமே எடுக்கும், 1080 திரைக்கு நல்ல திறன் தரும். சற்றுக் கூடுதல் பணம் இருந்தால் 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060, ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. ஆகியவற்றைப் பார்க்கலாம். இன்டெலின் ஆர்க் பி580 கார்டில் 12 ஜி.பி. மெமரி உண்டு. ஆனால் மதர்போர்டில் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி இயங்கினால்தான் அது முழுத் திறனைக் காட்டும். ஆகவே பழைய கணினியில் பொருத்த ஏற்றதல்ல.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருப்பதையும் கவனிக்க வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற பெயரில் 8 ஜி.பி. கார்டும் உண்டு, 6 ஜி.பி. கார்டும் உண்டு. மெமரி அளவு மட்டுமே வேறுபாடு என்று நினைத்துவிடக் கூடாது. 8 ஜி.பி. கார்டில் 2,560 கோர்கள், 6 ஜி.பி. கார்டில் 2,304. மெமரிப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறைகிறது. எனவே பில்லில் 'ஆர்.டி.எக்ஸ். 3050' என்று மட்டும் எழுதவிடாமல், மெமரி அளவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. '4 ஜி.பி. கிராபிக்ஸ்' என்று பெரிதாக விளம்பரம் செய்து ஜி.டி. 730 கார்டைப் போட்டுக் கொடுப்பார்கள். அது 2014-ஆம் ஆண்டின் கார்டு. திரையில் படம் வரவழைக்க உதவும், பெரிய விளையாட்டுகளுக்கு உதவாது. மெமரி அளவு மட்டும் ஒரு கார்டின் திறனைச் சொல்லிவிடாது.

பிராசசரும் மதர்போர்டும்

இவை இரண்டையும் ஜோடியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிராசசர் அமரும் சாக்கெட் ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் சேராது. ஏ.எம்.டி.யில் ஏ.எம்.4, ஏ.எம்.5 என்று இரண்டு சாக்கெட்டுகள் புழக்கத்தில் உள்ளன. இன்டெலில் 12, 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் அமர்கின்றன.

6 கோர், 12 த்ரெட் கொண்ட பிராசசர் முதல் கேமிங் கணினிக்குத் தாராளமாகப் போதும். ரைசன் 5 5600, இன்டெல் ஐ5-12400எஃப் இரண்டும் இந்த வகை. இன்னும் குறைந்த பட்ஜெட்டுக்கு 4 கோர், 8 த்ரெட் கொண்ட ஐ3-12100எஃப் இருக்கிறது.

பெயரின் கடைசியில் வரும் எழுத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. ஏ.எம்.4 ரைசனில் 'ஜி' என்று முடிந்தால் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. கார்டை அடுத்த ஆண்டு வாங்கலாம் என்று நினைக்கும் குடும்பம் 'எஃப்' பிராசசரை வாங்கிவிட்டால், கார்டு வரும்வரை கணினி வெறும் பெட்டிதான்.

ஏ.எம்.4-ஆ, ஏ.எம்.5-ஆ என்ற கேள்வி வரும். ஏ.எம்.4 நன்கு பழகிய, விலை குறைந்த தளம். ஆனால் அதன் வளர்ச்சி ஏறத்தாழ முடிந்துவிட்டது. 2022-இல் வந்த ஏ.எம்.5 தளத்தை 2027-க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. அறிவித்துள்ளது. ஆனால் அதற்கு டி.டி.ஆர்.5 ராம்தான் போட முடியும், செலவு கூடும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் ஏ.எம்.4 போதும். 3 ஆண்டுகளில் பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணமும் கையில் கூடுதல் பணமும் இருந்தால் ஏ.எம்.5 பொருந்தும்.

மதர்போர்டில் ஆடம்பரம் தேவையில்லை. ஏ.எம்.4-க்கு பி550 நல்ல தேர்வு; ஏ520-உம் ஓடும். இன்டெலுக்கு எச்610 மலிவானது. அதில் ராம் ஸ்லாட் இரண்டுதான், எனவே ராமை முதலிலேயே யோசித்து வாங்க வேண்டும். எச்610 போர்டுகளில் டி.டி.ஆர்.4 வகையும் டி.டி.ஆர்.5 வகையும் தனித்தனியே வருகின்றன. ஒன்றுக்கானது மற்றொன்றில் நுழையாது. பழைய பி450 போர்டு மலிவாகக் கிடைத்தால், ரைசன் 5000 வரிசையை ஏற்கும் அளவுக்கு அதன் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

ராம்

16 ஜி.பி. என்பதுதான் இன்றைய அளவு. அதை ஒரே 16 ஜி.பி. குச்சியாக வாங்காமல் 8 ஜி.பி. குச்சிகள் இரண்டாக வாங்குவது நல்லது. இரண்டு குச்சிகள் போட்டால் பிராசசர் இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் தரவை எடுக்கும். உள்ளமைந்த கிராபிக்ஸில் விளையாடுவோருக்கு இது மிக முக்கியம். ஏனெனில் அந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். டி.டி.ஆர்.4 என்றால் 3200 வேகம் போதும்.

2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்குத் தயாரிப்பாளர்கள் முன்னுரிமை கொடுத்தது இதற்கு முக்கியக் காரணம். 'குருஷியல்' என்ற பெயரில் நாம் வாங்கிவந்த ராம், எஸ்.எஸ்.டி. விற்பனையிலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பழைய வீடியோக்களில் சொல்லும் பட்டியல் விலையை நம்பிக் கிளம்ப வேண்டாம். ராம் விலை உச்சத்தில் இருக்கும் நேரமானால், நல்ல நிலையிலுள்ள பழைய டி.டி.ஆர்.4 குச்சிகளை வாங்குவதில் தவறில்லை. ராமில் தேயும் பாகம் கிடையாது. லேப்டாப்புக்கான சிறிய குச்சி டெஸ்க்டாப் போர்டில் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எஸ்.எஸ்.டி.

பழைய ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் போட்டால் எவ்வளவு நல்ல பிராசசரும் ஆமைபோல் நகரும். சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி. வரை படிக்கும். மதர்போர்டிலேயே படுக்கையாகச் செருகும் எம்.2 என்.வி.எம்.இ. வகை அதைவிடப் பல மடங்கு வேகம். 500 ஜி.பி. குறைந்தபட்சம், முடிந்தால் 1 டி.பி. ஜி.டி.ஏ. 5 போன்ற ஒரே விளையாட்டே 100 ஜி.பி.க்கு மேல் இடம் கேட்கிறது. இடம் போதாவிட்டால் பின்னால் இன்னொன்று சேர்க்கலாம் என்பதால், இதற்காகக் கார்டின் பங்கைக் குறைக்க வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ்.: சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கேமிங் கணினியில் போடக் கூடாது. மேலே '450 வாட்' என்று அச்சிட்டிருந்தாலும், கிராபிக்ஸ் கார்டு இழுக்கும்போது அந்த அளவைத் தரும் என்று நம்ப முடியாது. சில நேரம் கணினி திடீரென்று அணையும். சில நேரம் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் இந்த அபாயம் இன்னும் கூடுதல்.

எவ்வளவு வாட் தேவை என்று நாமே கணக்கிடலாம். ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட், ரைசன் 5 5600 பிராசசருக்கு அதிகபட்சம் 76 வாட், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., விசிறிகளுக்கு ஏறத்தாழ 50 வாட். கூட்டினால் 260 வாட்டுக்குள் முடிகிறது. இந்தக் கார்டுக்கு 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். போதும் என்பது ஏ.எம்.டி.யின் பரிந்துரை. பின்னால் சற்றுப் பெரிய கார்டு போட இடம் வைத்து, '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரையுள்ள 550 வாட் வாங்கினால் நீண்ட காலம் கவலையில்லை. கார்டுக்கான 8 முனை கேபிள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 750 வாட், 850 வாட் என்று கடையில் ஏற்றிச் சொன்னால் தேவையில்லை.

யு.பி.எஸ்.ஸிலும் ஒரு குழப்பம் உண்டு. 600 வி.ஏ. என்றால் 600 வாட் அல்ல. வழக்கமாக 360 வாட் அளவே தாங்கும். விளையாடும்போது மின்சாரம் போனால் சேமித்துவிட்டு அணைக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். முடிந்தால் 1,000 வி.ஏ. வாங்கலாம். வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுச் சோதிப்பது யு.பி.எஸ்.ஸைவிட முக்கியம்.

மின்கட்டணத்தையும் கணக்கில் வைப்போம். கணினியும் மானிட்டரும் சேர்ந்து 300 வாட் எடுக்கும்போது நாளுக்கு 3 மணி நேரம் விளையாடினால் 0.9 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 54 யூனிட். இருமாத ரீடிங் அடுத்த கட்டண அடுக்கைத் தொடும் வீடுகளில் இது பில்லில் தெரியும்.

கேபினட், மானிட்டர்

கேபினட்டின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாக இருந்தால் பார்க்க அழகு. ஆனால் காற்று உள்ளே போக வழி குறைவு. நம் ஊர் வெயிலுக்கு முன்பக்கம் வலை வைத்த கேபினட்தான் ஏற்றது. முன்னே ஒன்றோ இரண்டோ விசிறி காற்றை உள்ளிழுக்க, பின்னே ஒன்று வெளியேற்ற, கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டி இருந்தால் போதும். வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் திருப்பலாம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். கணினியை ஜன்னலோரம் வைக்காமல், தரையிலிருந்து உயர்த்தி, சுவரை ஒட்டாமல் வைப்பது நல்லது.

மானிட்டரில் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 முறை படம் மாறும். கார்டு 140 படம் வரைந்தாலும் அந்தத் திரை 60-ஐத்தான் காட்டும். எனவே வேகமான சுடும் விளையாட்டுகளை விரும்புவோர் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் பார்க்கலாம்; கால்பந்தும் கார் ஓட்டமும் போதும் என்பவர்களுக்கு 75 ஹெர்ட்ஸே திருப்தி தரும்.

இரண்டு கட்டமாக வாங்கும் வழி

முழுத் தொகையும் கையில் இல்லாத குடும்பங்களுக்கு நாம் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

முதல் கட்டம்: ரைசன் 5 5600ஜி பிராசசர், பி550 மதர்போர்டு, 8 ஜி.பி. ராம் இரண்டு, என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., 550 வாட் பிரான்ஸ் எஸ்.எம்.பி.எஸ்., காற்றோட்டமுள்ள கேபினட். திரைக்கு வீட்டு டி.வி. அல்லது பழைய மானிட்டர். கார்டு இல்லாமலேயே வாலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, மைன்கிராஃப்ட் ஆகியவற்றைக் குறைந்த அமைப்பில் விளையாடலாம். பள்ளி, கல்லூரி வேலைகள், கோடிங் பயிற்சி, எளிய வீடியோ எடிட்டிங் எல்லாம் நடக்கும்.

இரண்டாம் கட்டம்: ஆறு மாதமோ ஓராண்டோ சேமித்து 8 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு. முதல் கட்டத்தில் வாங்கிய எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

இந்த வழிக்கு ஒரு சிறு விலை உண்டு. 5600ஜி-யின் எல்3 கேஷ் 16 எம்.பி.; 5600-இல் 32 எம்.பி. மேலும் 5600ஜி பழைய பி.சி.ஐ. 3.0 பாதையிலேயே கார்டோடு பேசும். ஆர்.எக்ஸ். 6600 போன்ற 8 பாதைக் கார்டுகளில் இழப்பு சிறியது. ஆனால் 4 பாதை மட்டுமே கொண்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. போன்றவற்றில் வேகம் நன்றாகவே குறையும். அதை இதோடு சேர்க்க வேண்டாம். முழுப் பணமும் இப்போதே இருந்தால் 5600 அல்லது 12400எஃப் வாங்கிக் கார்டையும் சேர்த்தே வாங்குவது மேல்.

பழைய சரக்கு: எதை வாங்கலாம், எதை விடலாம்?

பழைய பிராசசர், ராம், கேபினட் வாங்கலாம். ஏ.எம்.4 பிராசசரின் அடியில் உள்ள பின்கள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இன்டெலில் அந்தப் பின்கள் மதர்போர்டில் இருக்கும். பழைய எஸ்.எம்.பி.எஸ்., பழைய ஹார்டு டிஸ்க் வேண்டாம்.

பழைய கிராபிக்ஸ் கார்டில் எச்சரிக்கை தேவை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கார்டுகளால் மைனிங் செய்யும் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் பெருமளவில் பழைய சந்தைக்கு வந்தன. விற்பவர் முன்னிலையில் அரை மணி நேரமாவது ஒரு விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். விசிறிச் சத்தம், திரையில் கோடு, திடீர் நிறுத்தம் எதுவும் இருக்கக் கூடாது. 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவச மென்பொருளில் கார்டின் உண்மைப் பெயரைச் சரிபாருங்கள். ஆர்.எக்ஸ். 580 என்று விற்பவற்றில் 2,304 கோர்களுக்குப் பதிலாக 2,048 கோர்கள் கொண்ட குறைந்த ரகமும் உண்டு.

இணையச் சந்தைகளில் 'ஐ5, 16 ஜி.பி. ராம், 4 ஜி.பி. கிராபிக்ஸ், கேமிங் பி.சி.' என்று மிக மலிவாக வரும் செட்டுகளில், பிராசசர் எந்தத் தலைமுறை என்று முதலில் கேளுங்கள். பல நேரம் அது 2011, 2012-இல் வந்த இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ5 ஆக இருக்கும். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் 8-ஆம் தலைமுறையும், ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையும்தான் பொதுவான தொடக்க எல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

நியாயமான மலிவு வழி ஒன்றும் உண்டு. 8-ஆம் தலைமுறை ஐ5 அல்லது அதற்கு மேற்பட்ட, அலுவலகத்தில் ஓடிய பழைய டவர் கணினியை வாங்கி, அதில் ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. கார்டைப் போடலாம். அது 70 வாட்தான் எடுக்கும். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் தரும் என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின்கேபிள் வேண்டாம். கேபினட் ஒல்லியாக இருந்தால் 'லோ புரொஃபைல்' கார்டுதான் நுழையும். எனவே அளந்து பார்த்தபின் கார்டை வாங்குங்கள்.

பில், வாரண்டி, தவணை

சென்னை ரிச்சி தெருவானாலும் உள்ளூர்க் கடையானாலும் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லாமல் குறையும் தொகை, வாரண்டி தேவைப்படும் நாளில் பல மடங்காகத் திரும்பி வரும். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். பெட்டியில் வரும் பிராசசருக்கு இன்டெல், ஏ.எம்.டி. இரண்டும் 3 ஆண்டு வாரண்டி தருகின்றன. பெட்டியில்லாத 'டிரே' பிராசசருக்குக் கடையின் வாரண்டி மட்டுமே கிடைக்கும். காலிப் பெட்டிகளை வாரண்டி முடியும்வரை பரணில் வைத்திருங்கள்.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்ற சொல் வட்டியே இல்லாததுபோல் ஒலிக்கிறது. உண்மையில் வங்கி வட்டியைக் கணக்கிடுகிறது; விற்பவர் அந்தத் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார். வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி.யும் பிராசசிங் கட்டணமும் தனியே வரும். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியது. வட்டியிலிருந்து விலகி நிற்க விரும்பும் நம் குடும்பங்களுக்கு, மேலே சொன்ன இரண்டு கட்ட வழி இந்தச் சிக்கலையே இல்லாமல் செய்கிறது.

வளைகுடாவில் இருக்கும் வாப்பாவோ மாமாவோ அங்கிருந்து வாங்கி வருவதானால், அந்தப் பாகத்தின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று தயாரிப்பாளரின் இணையதளத்தில் முதலில் பாருங்கள். பல பாகங்களுக்கு வாங்கிய நாட்டில்தான் வாரண்டி. எஸ்.எஸ்.டி., ராம் போன்ற சிறியவற்றைக் கொண்டு வருவது எளிது. கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும் பழுதானால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு; அவற்றை இங்கேயே வாங்குவது நல்லது.

கணினி வீட்டுக்கு வந்த அன்று

நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும். பயாஸில் 'எக்ஸ்.எம்.பி.' அல்லது அதற்கு இணையான அமைப்பை இயக்கினால்தான் 3200 ராம் 3200-இல் ஓடும். இல்லாவிட்டால் குறைந்த வேகத்திலேயே நிற்கும். சில மலிவான போர்டுகளில் இந்த வசதிக்கு வரம்பு உண்டு. விண்டோஸ் அமைப்பில் மானிட்டரின் ஹெர்ட்ஸை உயர்த்தியிருக்க வேண்டும். பல வீடுகளில் 144 ஹெர்ட்ஸ் திரை 60-லேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரம் விளையாடியபின் வெப்பநிலையைப் பாருங்கள். பிராசசரோ கார்டோ தொடர்ந்து 85 டிகிரிக்கு மேல் நின்றால் காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

வாலரன்ட் விளையாட விண்டோஸ் 11-இல் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்க வேண்டும். கள்ள விண்டோஸைப் போட்டுத் தரும் சலுகையை மறுத்துவிடுங்கள். விளையாட்டுக் கணக்கும் வீட்டின் வங்கிக் கணக்கும் திறக்கப்படும் கணினியில் யார் என்ன நுழைத்தார்கள் என்று தெரியாத மென்பொருள் இருக்கக் கூடாது.

கடைக்குப் போகும்போது ஒரு தாள் கையில் இருக்கட்டும். அதில் விளையாட்டுகளின் பெயர், மொத்தத் தொகை, ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண், அதற்கு ஒதுக்கிய தொகை ஆகியவை இருக்க வேண்டும். அந்தத் தாளைப் பிள்ளையே தயாரிக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று பெற்றோர் கேட்கட்டும். விளக்க முடிந்ததை வாங்குங்கள். விளக்க முடியாததை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.